நெருக்கடிக் காலத்தில் மருத்துவ மாணவர்களின் உதவி: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கொள்ளை நோய் பரவும் காலங்களில் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பும். மருத்துவர்களும் செவிலியர்களும் நோயுற்று விடுப்பில் செல்ல நேரிடும். அத்தகைய வேளைகளில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நோயாளிகளின் பராமரிப்பில் பங்கேற்பதுண்டு. உங்கள் இரத்த அழுத்தத்தை அளப்பவர், வீட்டில் தனிமையில் இருக்கும் உங்கள் தந்தையாரின் நலத்தை நாள்தோறும் தொலைபேசியில் விசாரிப்பவர், இன்னும் பட்டம் பெறாத ஒரு மாணவராக இருக்கக்கூடும்.

அவ்வேளையில் எழும் ஐயம் இயல்பானதே: "படித்துக்கொண்டிருப்பவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா?" மாணவரிடம் நோயாளி ஒப்படைக்கப்படுவதில்லை. அவர் பயின்ற அளவுக்குள் அடங்கும் பணி, பொறுப்பேற்கும் ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் அவருக்கு அளிக்கப்படுகிறது. இவ்விரண்டும் இருக்கும் இடத்தில் மாணவரின் உதவி பயனுள்ளது. அவை இருக்கின்றனவா என்று கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. அதை எவ்வாறு அறிவது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

உங்களைக் கவனிப்பவர் யார்?

வெள்ளை அங்கி அணிந்த இளைஞர் அனைவரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள் நடைபெறும். அதன்பின் ஓராண்டு கட்டாய மருத்துவமனைப் பயிற்சி உண்டு. இதன் அடிப்படையில் நீங்கள் சந்திக்கக்கூடியவர்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

• இளநிலை மாணவர்: எம்.பி.பி.எஸ். பயில்பவர். இரண்டாம் ஆண்டு முதலே நோயாளிகளிடம் நோய் வரலாறு கேட்கவும் பரிசோதிக்கவும் பழகுகிறார். இறுதியாண்டில் பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றைக் கற்கிறார். இவர் மருத்துவராகப் பதிவு பெற்றவர் அல்லர்.

• பயிற்சி மருத்துவர்: இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர். பலர் இவரை 'ஹவுஸ் சர்ஜன்' என்று அழைப்பர். மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்று, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பணியாற்றுகிறார்.

• முதுநிலை மாணவர்: எம்.டி., எம்.எஸ். போன்ற மேற்படிப்பு பயில்பவர். 'மாணவர்' என்று அழைக்கப்பட்டாலும் இவர் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அன்றாடச் சிகிச்சையில் இவர்களது பங்கு பெரிது.

நெருக்கடி இல்லாத காலத்திலும் பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறார்கள். நெருக்கடிக் காலத்தில் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் இறுதியாண்டு இளநிலை மாணவர்களே.

மாணவர்களின் கைகள் உயிர் காத்த ஒரு நிகழ்வு

1952ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. பலருக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தன. நோயாளிகள் பிளெக்டம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். உடல் முழுவதையும் உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் 'இரும்பு நுரையீரல்' என்னும் கருவி அங்கே ஒன்றுதான் இருந்தது. மார்பின் மீது பொருத்தும் சிறு கருவிகள் ஆறு இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லாசென், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சனின் ஆலோசனையை நாடினார். மூச்சு போதாமையால் உடலில் கரியமில வாயு தேங்குவதே இறப்புக்கு வழிவகுக்கிறது என்று இப்சன் கண்டறிந்தார். அறுவை அரங்கில் மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குச் செய்வதையே இவர்களுக்கும் செய்யலாம் என்றார். ஆகஸ்டு 27 அன்று, இறக்கும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. அக்குழாயுடன் இணைத்த இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி இப்சன் அவளுக்கு மூச்சளித்தார். சிறுமி பிழைத்தாள்.

முறை கிடைத்துவிட்டது, ஆனால் அதைச் செய்யக் கைகள் போதவில்லை. ஒரு நோயாளிக்கு இரவும் பகலும் இடைவிடாமல் ஒருவர் அருகில் அமர்ந்து பையை அழுத்த வேண்டும். ஒரே நேரத்தில் 70 பேர் வரை அவ்வாறு மூச்சளிக்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது. மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். அந்தத் தொற்றுக் காலத்தில் சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துப் பணியாற்றினர். பையை அழுத்தியவாறே குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டினர். பேச இயலாத நோயாளியின் உதட்டசைவைக் கவனித்து அவருக்கு என்ன தேவை என்று புரிந்துகொண்டனர். மூச்சுத் தசை செயலிழந்தவர்களிடையே இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாக இந்த அனுபவம் கருதப்படுகிறது.

அங்கே கழுத்தில் துளையிட்டவர் மாணவர் அல்லர். எந்த நோயாளிக்கு அது தேவை என்று முடிவு செய்தவரும் மாணவர் அல்லர். அவர்களுக்கு அளிக்கப்பட்டது தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒரே பணி. அதைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடிந்தது. ஐயம் எழுந்தால் அழைக்க மருத்துவர்கள் அருகில் இருந்தனர். மாணவர்களின் உதவி பாதுகாப்பாக அமைவதற்கான நிபந்தனைகள் இவையே.

கோவிட்-19 காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடுகள் வெவ்வேறு முடிவுகளை எடுத்தன. இத்தாலி, மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் எழுத வேண்டிய தகுதித் தேர்வை நீக்கி, சுமார் 10,000 இளம் மருத்துவர்கள் உடனே பணியில் சேர வழிசெய்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமோ, மாணவர்களை நோயாளிகளுடனான நேரடிப் பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைக்கும் முடிவை ஆதரித்தது. முகக்கவசம், கவச உடை ஆகியவை பற்றாக்குறையாக இருந்த வேளையில், கூடுதலாக ஒருவர் அறைக்குள் செல்வது தொற்றுக்குக் கூடுதலாக ஒரு வழி திறப்பதாகவும் ஆகக்கூடும்.

இந்தியாவில் இரண்டாம் அலையின்போது, 2021 மே 3 அன்று மத்திய அரசு பின்வரும் முடிவுகளை அறிவித்தது.

• பயிற்சி மருத்துவர்களைத் தம் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணியில் ஈடுபடுத்தலாம்.
• எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர்களுக்கு உரிய அறிமுகப் பயிற்சி அளித்து, பேராசிரியர்களின் மேற்பார்வையில் தொலைமருத்துவ ஆலோசனைக்கும் லேசான பாதிப்புள்ள நோயாளிகளைக் கண்காணிக்கவும் பயன்படுத்தலாம்.
• முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வு குறைந்தது நான்கு மாதங்களுக்குத் தள்ளிவைக்கப்படும்.
• கோவிட் பணியில் ஈடுபடுவோர்க்குத் தடுப்பூசியும், சுகாதாரப் பணியாளர்களுக்கான காப்பீட்டுப் பாதுகாப்பும் அளிக்கப்படும்.
• 100 நாள்கள் பணியாற்றியவர்களுக்கு அரசின் வழக்கமான பணி நியமனங்களில் முன்னுரிமை வழங்கப்படும்.

இவ்வறிவிப்பில் ஒவ்வொரு நிலையினருக்கும் வெவ்வேறு பணி வகுக்கப்பட்டதைக் காணலாம். பட்டம் பெறாத மாணவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்படவில்லை. லேசான பாதிப்புள்ளவர்களைக் கண்காணிக்கும் பணியே அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பணியை மாணவர் ஏற்கும்போது, அனுபவமிக்க மருத்துவர் கடுமையாக நோயுற்றவரின் அருகில் இருக்க முடிகிறது.

மாணவர் செய்யக்கூடியவை

மேற்பார்வையின்கீழ் ஒரு மாணவர் பொதுவாகப் பின்வரும் பணிகளில் உதவலாம்.

• நோய் வரலாறு, ஏற்கெனவே உள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமைகள் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல்
• உடல் வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்த ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை அளத்தல்
• வீட்டுத் தனிமையில் உள்ளவர்களைத் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தல்
• மருத்துவர் கூறிய சிகிச்சை முறையை எளிய மொழியில் மீண்டும் விளக்குதல்
• நோயாளியின் நிலையைக் குடும்பத்தினருக்குத் தெரிவிக்க மருத்துவருக்கு உதவுதல்
• தடுப்பூசி முகாம்களிலும் பரிசோதனை மையங்களிலும் பதிவுப் பணி, வழிகாட்டும் பணி

பயிற்சி மருத்துவர் இவற்றுடன், இரத்த மாதிரி எடுத்தல், நரம்பு வழியாக மருந்து செலுத்த ஊசி பொருத்துதல் போன்ற செயல்முறைகளையும் மேற்பார்வையில் மேற்கொள்வார்.

மாணவர் தாமாகச் செய்யக் கூடாதவை

• பட்டம் பெறாத மாணவர் மருந்துச் சீட்டு எழுத இயலாது. 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, தொலைபேசி வழியாகவும் பதிவு பெற்ற மருத்துவரே மருந்து பரிந்துரைக்க முடியும்.
• மருத்துவமனையில் சேர்ப்பது, வீட்டுக்கு அனுப்புவது, சிகிச்சையை மாற்றுவது ஆகியவற்றை மாணவர் தனியாக முடிவு செய்யக் கூடாது.
• பயிற்சி மருத்துவரும்கூடத் தம் கையொப்பத்தில் மருத்துவச் சான்றிதழையோ, இறப்புச் சான்றிதழையோ, சட்டம் தொடர்பான மருத்துவ ஆவணங்களையோ வழங்க இயலாது.

மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அளவை மாற்றவோ மாணவர் கூறினால், "இதை எந்த மருத்துவர் முடிவு செய்தார்?" என்று கேளுங்கள். விடை தெளிவாகக் கிடைக்கும் வரை முன்பு மருத்துவர் கூறியதையே பின்பற்றுங்கள்.

'மேற்பார்வை' என்பதை எவ்வாறு அறிவது?

மேற்பார்வை என்பது மருத்துவர் எப்போதும் மாணவரின் அருகிலேயே நிற்பது என்று பொருள்படாது. மாணவர் செய்யும் பணிக்குப் பெயர் குறிப்பிடத்தக்க ஒரு மருத்துவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். மாணவர் பதிவு செய்தவற்றை அவர் பார்வையிட வேண்டும். தேவையெனில் உடனே வரவோ தொலைபேசியில் பேசவோ கூடியவராக இருக்க வேண்டும்.

பின்வரும் மூன்று கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்கலாம்.

1. "உங்கள் பெயர் என்ன? நீங்கள் மாணவரா, பயிற்சி மருத்துவரா?"
2. "உங்களை மேற்பார்வையிடும் மருத்துவர் யார்?"
3. "நிலைமை மோசமானால் நான் யாரை, எந்த எண்ணில் அழைக்க வேண்டும்?"

நல்ல பயிற்சி பெற்ற மாணவர் இக்கேள்விகளை அவமதிப்பாகக் கருதமாட்டார். "எனக்குத் தெரியவில்லை, மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர் கூறினால், அது நம்பிக்கை தரும் விடை. தம் எல்லையை அறிந்தவர் அவர் என்பதற்கு அதுவே அடையாளம்.

உங்கள் உரிமைகள்

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. சிகிச்சை அளிப்பவர்கள் யார், அவர்களின் தொழில் தகுதி என்ன, முதன்மைப் பொறுப்பேற்கும் மருத்துவர் யார் என்பவற்றை அறிய நோயாளிக்கும் பராமரிப்பாளருக்கும் உரிமை உண்டு என்று அச்சாசனம் கூறுகிறது. நெருக்கடிக் காலத்திலும் பின்வருவனவற்றை நீங்கள் எதிர்பார்க்கலாம்.

• ஒப்புதல்: பரிசோதனைக்கு முன் உங்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டும். மாணவர் பரிசோதிப்பதை விரும்பாவிட்டால் மறுக்கலாம். அதனால் சிகிச்சை மறுக்கப்படலாகாது. எனினும் மருத்துவர் வரும் வரை காத்திருக்க நேரலாம்.
• தனியுரிமை: நோய் விவரங்களை வெளியில் கூறாதிருக்க வேண்டிய கடமை மருத்துவரைப் போலவே மாணவருக்கும் உண்டு. அனுமதியின்றிப் படம் எடுப்பதோ, விவரங்களைச் சமூக ஊடகங்களில் பகிர்வதோ கூடாது.
• கண்ணியம்: பெண் நோயாளியை ஆண் ஒருவர் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடன் இருக்குமாறு கேட்கலாம்.

தொலைபேசியில் மாணவர் அழைக்கும்போது

வீட்டுத் தனிமையில் உள்ளவரைப் பற்றித் தொலைபேசியில் கேட்பவர் நோயாளியைக் காண இயலாது. நீங்கள் கூறும் விவரங்களே அவருக்கும் மேற்பார்வை மருத்துவருக்கும் ஆதாரம். ஆகவே ஒரு குறிப்பேட்டில் நாள், நேரத்துடன் பின்வருவனவற்றை எழுதி வையுங்கள்.

• உடல் வெப்பமும் நாடித்துடிப்பும்
• பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் அளவு
• உட்கொண்ட மருந்துகளின் பெயரும் நேரமும்
• உணவு, நீர் உட்கொண்ட அளவு; சிறுநீர் வழக்கம்போல் கழிகிறதா என்பது
• புதிதாகத் தோன்றிய தொல்லைகள்

ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதற்கு முன் சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். நகச்சாயம் இருந்தால் அகற்ற வேண்டும். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். எண் நிலையாக நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். அளவு குறைவாக இருந்தால் அதை மறைக்காமல் கூறுங்கள். "மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிடுவார்களோ" என்ற அச்சத்தால் உண்மையைக் குறைத்துக் கூறுவது நோயாளியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நலம் விசாரிக்க அழைக்கும் எவருக்கும் உங்கள் வங்கிக் கணக்கு விவரங்களோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ தேவையில்லை. அவற்றைக் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, மருத்துவமனையின் அதிகாரபூர்வ எண்ணில் விசாரியுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கோவிட்-19 போன்ற சுவாசத் தொற்றில் பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், மாணவரின் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள்.

• மூச்சுத்திணறல், அல்லது ஓய்வில் இருக்கும்போதும் வேகமான மூச்சு
• ஆக்சிஜன் அளவு 93 விழுக்காடோ அதற்குக் கீழோ இருத்தல்
• மார்பில் தொடர்ந்து வலி அல்லது அழுத்தம்
• மனக்குழப்பம், எழுப்பினாலும் விழிக்க இயலாமை
• உதடு அல்லது முகம் நீலம் பாரித்தல்

உடனே 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டு செல்லுங்கள். 100 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலும் மருத்துவரை நேரில் காண வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அளவின் வரம்பு மாறுபடலாம். அதை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவரின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பே

தொற்றுக்கு ஆளான மாணவர், தாம் அறியாமலேயே அடுத்த படுக்கையில் உள்ளவருக்கு நோயைக் கடத்தக்கூடும். உறக்கமின்றிப் பணியாற்றுபவர் எண்ணைத் தவறாகக் குறிக்கக்கூடும். ஆகவே முகக்கவசம், தடுப்பூசி, போதிய ஓய்வு ஆகியவை அவருக்குக் கிடைப்பது உங்கள் நலனுடன் நேரடியாகத் தொடர்புடையது. நீங்களும் பின்வருமாறு உதவலாம்.

• அவர் அருகில் வரும்போது முகக்கவசத்தைச் சரியாக அணியுங்கள்.
• உங்களைத் தொடுமுன் கைகளைத் தூய்மை செய்தாரா என்று கேளுங்கள். இது நோயாளியின் உரிமை.
• ஒரே கேள்வியைப் பலர் கேட்கக்கூடும். மாணவர் கேட்டதை மருத்துவர் சரிபார்ப்பதற்காக மீண்டும் கேட்கலாம். பொறுமையுடன் விடை கூறுங்கள்.
• குறை இருந்தால் மாணவரிடம் சினம் கொள்ளாமல், பொறுப்பு மருத்துவரிடமோ மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ தெரிவியுங்கள். படுக்கை இல்லை என்பதற்கும் மருந்து தாமதமாவதற்கும் மாணவர் காரணம் அல்லர்.

கடுமையான நோயையும் இறப்பையும் இவர்களில் பலர் முதன்முறையாகக் காண்கிறார்கள். உங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் இப்பணிக்குச் செல்பவராயின், அவர் உண்டாரா, உறங்கினாரா என்று விசாரியுங்கள். மனத்தளர்ச்சி தொடர்ந்தால், அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் இச்சேவையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

நினைவில் கொள்க

• மருத்துவ மாணவர் மருத்துவருக்கு மாற்று அல்லர். மருத்துவரின் நேரத்தைக் கடும் நோயுற்றோர்க்காக மிச்சப்படுத்தும் துணை.
• உங்களைக் கவனிப்பவரின் பெயர், நிலை, மேற்பார்வை மருத்துவர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
• மருந்தும் சிகிச்சையும் பற்றிய முடிவு பதிவு பெற்ற மருத்துவருடையதாகவே இருக்க வேண்டும்.
• ஆபத்து அறிகுறி தோன்றினால் எவருடைய அழைப்புக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்கு உரிய அறிவுரையை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே பெற வேண்டும்.